வாழத் தகுந்த நகரம் எது?

சென்ற திங்கள் ஒரு மாலைப்பொழுது. செபமாலை முடிந்து மக்கள் கலைந்துவிட்டனர். கோவில் முற்றத்தில் நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நமக்காகக் காத்திருந்தார். கணினி நிறுவனம் ஒன்றில் பத்தாண்டுகளாகப் பணியாற்றுபவர். ஞாயிறு தவறாமல் தாயாரைக் கைப்பிடித்து இரண்டாம் திருப்பலிக்கு அழைத்து வருபவர். அவர் கையில் செய்தித்தாளிலிருந்து கத்தரித்த துண்டு ஒன்று இருந்தது. உலகில் மனிதர் வாழ்வதற்கு மிகத் தகுந்த நகரங்கள் எவை என வரிசைப்படுத்திய 2025-ஆம் ஆண்டின் பட்டியல் அது. டென்மார்க் நாட்டுக் கோபன்ஹேகன் முதலிடத்தில் நின்றது. வியன்னாவும் சூரிச்சும் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. நான்காவதாக ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். அந்த நான்காம் வரியின் கீழ் இளைஞர் பேனாவால் கோடிட்டிருந்தார். அங்கே அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது.

"அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும், ஃபாதர். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்" என்றார்.

தாயாருக்கு அகவை எழுபத்தொன்று. கணவரை இழந்தவர். கோவிலுக்குப் பின்தெருவில், கணவர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறார். அவரையும் உடன் அழைத்துச் செல்லலாம் என்றுதான் மகன் முதலில் எண்ணியிருந்தார். விசாரித்தபோது உண்மை தெரிந்தது. பெற்றோர் அந்நாட்டில் நிலையாகக் குடியேற அனுமதி வேண்டினால், பெருந்தொகை செலுத்தியும் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டுமாம். அத்தொகை செலுத்த இயலாதோர் பல பத்தாண்டுகள் வரிசையில் நிற்க வேண்டுமாம். எழுபத்தொரு வயதுத் தாய்க்கு அந்த வரிசையால் என்ன பயன்? ஆகவே மகன் வேறொரு ஏற்பாடு செய்திருந்தார். வீட்டை விற்றுவிடுவது, நகருக்கு வெளியே புதிதாக எழும்பியுள்ள, கட்டணம் பெறும் முதியோர் இல்லம் ஒன்றில் தாயாரைச் சேர்ப்பது. மருத்துவர் உண்டு, மின்தூக்கி உண்டு, தோட்டம் உண்டு. தாயார் உண்டாரா உறங்கினாரா என்பதை மகன் மெல்போர்னிலிருந்தே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். இதைச் சொல்லும்போது அவர் கண்கள் கலங்கின. கொடிய மகன் அல்லர் அவர். அதை இங்கேயே சொல்லிவிடுவது நலம்.

அந்தத் துண்டை வாங்கி நம் செப நூலுக்குள் வைத்தோம். பேசுகிறோம் என்று சொன்னோமேயன்றி இரு வாரங்கள் போகவில்லை. காலைச் செபத்துக்கு நூலைத் திறக்கும்போதெல்லாம் கோபன்ஹேகனும் வியன்னாவும் நம்மை எட்டிப் பார்த்தன. தாயிடம் பேசும் முன், இந்தப் பட்டியல் எப்படிப் பிறக்கிறது என்றாவது அறிந்துகொள்வோம் எனத் தேடினோம். தேடியதில் கண்டதை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது தகும் என்று தோன்றுகிறது. ஏனெனில், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் வீடுகளிலெல்லாம் இன்று இத்தகைய பட்டியல் ஒன்று பேச்சில் அடிபடுகிறது.

இதைத் தொகுப்பது, இலண்டனில் வெளிவரும் 'எக்கனாமிஸ்ட்' ஏட்டின் குழுமத்தைச் சார்ந்த ஆய்வு நிறுவனம். 173 நகரங்களை எடுத்துக்கொண்டு, முப்பதுக்கு மேற்பட்ட கூறுகளை ஆராய்ந்து, நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இடுகிறார்கள். நிலைத்த அமைதிக்கு 25, பண்பாட்டுக்கும் சுற்றுச்சூழலுக்கும் சேர்த்து 25, மருத்துவத்துக்கு 20, சாலை, குடிநீர், மின்சாரம் முதலிய கட்டமைப்புக்கு 20, கல்விக்கு 10. பல ஆண்டுகள் பள்ளித் தாளாளராய் இருந்த நமக்கு அந்தக் கடைசிப் பத்தைக் கண்டு முகம் சுருங்கியது உண்மை. கல்வியிலும் மருத்துவத்திலும் தனியார் பள்ளிகள், தனியார் மருத்துவமனைகள் போதுமான அளவில் கிடைக்கின்றனவா, தரமாயுள்ளனவா என்பவை தனித்தனிக் கூறுகள். உணவும் பானமும் ஒரு கூறு. கடைகளில் கிடைக்கும் பொருள்கள் ஒரு கூறு. ஊரின் தட்பவெப்பம் பயணிகளுக்கு எவ்வளவு தொல்லை தருகிறது என்பதும் ஒரு கூறு. இந்த ஒன்றில் நம் சென்னை மதிப்பெண் இழப்பது நியாயம்தான் என்று, மே மாதத்தில் முழுத் திருவுடையோடு பீடத்தில் நிற்கும் நாமே சான்று பகர்வோம்.

சரி, இவ்வளவு உழைப்பும் யாருக்காக? பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அலுவலர்களை அயல்நாட்டுக்கு அனுப்பும்போது, இன்னல் மிகுந்த ஊருக்குச் செல்பவருக்குக் கூடுதல் படி கொடுப்பது வழக்கம். அந்தப் படியைக் கணக்கிடவே இப்பட்டியல் வழிகாட்டுகிறது. 80 மதிப்பெண்ணுக்கு மேல் பெற்ற நகரமானால் கூடுதலாக எதுவும் கொடுக்க வேண்டுவதில்லை. 70-க்கும் 80-க்கும் இடைப்பட்டதானால் ஊதியத்தில் 5 விழுக்காடு கூட்டிக் கொடுக்கலாம். அதற்கடுத்த படிகளுக்கு 10, 15 என ஏறி, 50-ம் அதற்குக் கீழும் பெற்ற நகரத்துக்கு 20 விழுக்காடு வரை போகிறது. மெர்சர் என்னும் மற்றொரு நிறுவனம் வெளியிடும் நகர வரிசையின் நோக்கமும் ஏறத்தாழ இதுவே.

இதை அறிந்ததும் நமக்குப் பாதி விளங்கிவிட்டது. இது ஊதியம் வழங்குபவரின் கைக்கணக்கு. பட்டியலின் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மனிதர் நிற்கிறார். நிறுவனம் அனுப்பி வந்தவர். அவர் பிள்ளைகள் உயர்தரத் தனியார் பள்ளியில் படிப்பர். இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அவருக்கு இந்தக் கணக்கு உண்மையாகவே பயன்படும்; அதில் பொய் இல்லை. ஆனால் எக்கனாமிஸ்ட் குழுமத்தின் இந்த வரிசையில் வாழ்க்கைச் செலவு சேர்வதில்லை. வீட்டு வாடகை எவ்வளவு என்று அது கேட்பதில்லை. ஊரைவிட்டுப் போக இயலாதவர் அந்த ஊரில் எப்படி வாழ்கிறார் என்பதும் அதன் கேள்வி அன்று. ஒரு சட்டையை ஒருவரின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்துவிட்டு, இதுவே மனித உடம்பின் அளவு என்று நாம்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கனடா நாட்டு வான்கூவர் நகரத்துக்கு நேர்ந்தது இங்கே குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் இப்பட்டியலின் உச்சியில் இருந்த அந்நகரம் 2011-இல் கீழிறங்கியது. மெல்போர்ன் மேலேறி 2017 வரை ஏழாண்டுகள் முதலிடத்தில் நின்றது. வான்கூவர் இறங்கியதற்குத் தொகுப்பாளர்கள் சொன்ன காரணம், மலஹாட் என்னும் நெடுஞ்சாலை அவ்வப்போது மூடப்பட்டதால் போக்குவரத்தில் மதிப்பெண் குறைந்தது என்பது. அந்த நெடுஞ்சாலை வான்கூவர் நகரத்தில் இல்லை! கடலுக்கு அப்பால், அதே பெயர் கொண்ட தீவில் இருக்கிறது. நகரத்தார் அங்கே போக வேண்டுமானால் கப்பலேற வேண்டும். பெயர் மயக்கம் யாருக்கும் வரக்கூடியதே. ஒரே பெயருடைய இரு மணமகன்களைத் திருமணப் பதிவேட்டில் மாற்றி எழுதி நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆதலால் அந்தப் பிழைக்காக அவர்களை நாம் எள்ளவில்லை. நம்மை உறுத்துவது வேறு. அதே வான்கூவரின் நடு நகரத்தை ஒட்டிக் கிழக்கே சில தெருக்கள் உண்டு. கனடாவிலேயே மிக வறிய பகுதிகளுள் ஒன்று என்று பெயர் பெற்றவை. வீடற்றோரும் போதைப்பொருளுக்கு அடிமையானோரும் நடைபாதையில் படுத்துறங்கும் இடம். நகரம் முதலிடத்தில் இருந்த ஆண்டுகளிலும் அவர்கள் அங்கேதான் கிடந்தார்கள். போதைப்பொருள் மிகையால் நேர்ந்த சாவுகள் பெருகியதால் 2016 ஏப்ரலில் அந்த மாநிலமே பொதுநல நெருக்கடி அறிவிக்க நேர்ந்தது. எங்கோ கடலுக்கப்பால் மூடிய சாலை மதிப்பெண்ணைக் குறைத்தது. வாசலில் கிடந்த மனிதர் முதலிடத்துக்கு இடையூறாகவில்லை.

இப்படிச் சொல்வதால், அளவையே வேண்டாம் என்போரின் கட்சியில் நாம் சேர்ந்துவிட்டதாக எவரும் கருத வேண்டாம். 'எங்கே இருந்தால் என்ன, மனம் நிறைவாயிருந்தால் போதும்' என்பார் சிலர். பசியறியாதவர் பேச்சு அது. அப்பட்டியலின் அடியில் பல ஆண்டுகளாகக் கிடப்பது தமஸ்கு நகரம். சவுல் பார்வையிழந்து தங்கியிருந்த, அனனியா அவரைத் தேடிச் சென்ற நேர்த்தெரு இன்றும் அங்கே இருக்கிறது. 2011-இல் தொடங்கிய போர் அந்நாட்டைச் சிதைத்தது. இப்பட்டியல் வெளியான அதே 2025 ஜூன் திங்கள் 22-ஆம் நாள், தமஸ்கில் கிரேக்க மரபுக் கிறிஸ்தவர்களின் கோவில் ஒன்றில் ஞாயிறு வழிபாட்டின்போது கொலைஞன் ஒருவன் புகுந்து குண்டை வெடிக்கச் செய்ததில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே வாழ்வது கடினம் என்று பட்டியல் கூறினால் அது மெய்யே. அமைதி, மருந்து, தண்ணீர் ஆகியவற்றை எண்ணிப் பார்ப்பது ஆன்மாவுக்கு இழுக்கு ஆகாது.

அளவைக் காட்டிலும், அளக்கப்படும் நன்மை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதே பயனுடையது. அதற்கு வியன்னாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2018, 2019, 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் எக்கனாமிஸ்ட் குழுமத்தின் பட்டியலிலே முதலிடம் அதற்கு. மெர்சர் பட்டியலிலோ 2019-இல் பத்தாவது முறையாகத் தொடர்ந்து முதலிடம். இசையும் அரண்மனைகளும் காப்பிக் கடைகளும் நிறைந்த ஊர், வேறென்ன வேண்டும் என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன் அந்நகரத்துத் தொழிலாளர் வாழ்க்கை பெருந்துன்பமாயிருந்தது. ஒற்றை அறையில் பெருங்குடும்பங்கள். வாடகைக்கு அறைகூட இன்றி, ஒரு படுக்கையைச் சில மணி நேரத்துக்கு வாடகைக்குப் பிடித்து உறங்கி எழுந்து போனவர்கள் பலர். காசநோய்க்கு 'வியன்னா நோய்' என்றே பெயர் வழங்கியது.

முதல் உலகப் போருக்குப் பின் 1919-இல் நகராட்சிப் பொறுப்பேற்ற சமூக சனநாயகக் கட்சியினர் 1923-இல் வீட்டுவரி ஒன்றை விதித்தனர். சிறிய வீட்டுக்குச் சிறிய வரி, மாளிகைக்குப் பெரிய வரி. மகிழுந்து வைத்திருப்போர், வேலையாள்கள் வைத்திருப்போர் ஆகியோரிடமும் ஆடம்பர வரி தண்டினர். அப்பணத்தில் 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகளைத் தொழிலாளருக்கெனக் கட்டினர். அவற்றுள் 1930-இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் மனை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ளது. ஏறத்தாழ 1,400 வீடுகள். சலவைக் கூடங்கள், குளியலறைகள், மழலையர் பள்ளிகள், நூலகம், பிள்ளைகள் ஓடியாட விரிந்த முற்றங்கள். இன்றும் அந்நகராட்சிக்குச் சொந்தமாகச் சுமார் 2,20,000 வீடுகள் உள்ளன. கூட்டுறவு அமைப்புகள் உதவித்தொகையுடன் கட்டியவற்றையும் சேர்த்தால் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இத்தகைய வீடுகளில் வாழ்கின்றனர். சலவைத் தொழிலாளியும் ஆசிரியரும் ஒரே மாடிப்படியில் ஏறலாம். குடிதண்ணீரோ, 1873-இல் அமைத்த குழாய் வழியே ஆல்ப்சு மலையடிவார ஊற்றுகளிலிருந்து இன்றும் வருகிறது. பன்னாட்டு அலுவலர் இன்று அந்நகரைப் புகழ்கிறார் என்றால், ஏழைகளுக்கென அன்று செய்ததன் நிழலில் நின்றே புகழ்கிறார். பட்டியலில் அந்த வரலாற்றுக்கு இடமில்லை.

இங்கே கத்தோலிக்கராகிய நாம் தலைகுனிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. அந்த வீடுகளைக் கட்டியவர்கள் திருச்சபையின் நண்பர்கள் அல்லர். பலர் வெளிப்படையாக எதிர்த்தவர்கள். நாட்டை ஆண்ட கட்சியோ கிறிஸ்தவப் பெயர் தாங்கியது. 1934 பிப்ரவரியில் மூண்ட உள்நாட்டுச் சண்டையில், தோல்ஃபுசு தலைமையிலான அந்த அரசு, மக்கள் குடியிருந்த கார்ல் மார்க்ஸ் மனையின் மீது பீரங்கியால் சுட்டது. நம் குருமடத்து வரலாற்று வகுப்பில் இதைக் கேட்ட நினைவு நமக்கு இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். நடுவண் அரசின் நகர்ப்புற அமைச்சகமும் இத்தகைய வரிசையை இருமுறை வெளியிட்டது. 2018-இல் 111 நகரங்களுள் பூனா முதலிடம் பெற்றது. 2021 மார்ச்சில் வெளியான இரண்டாவது வரிசையில், பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுள் பெங்களூரு முதலிடம், சென்னை நான்காமிடம், கோவை ஏழாமிடம். சிறிய நகரங்களுள் சேலம் ஐந்தாவது, வேலூர் ஆறாவது, திருச்சி பத்தாவது. அடுத்த ஆண்டே எக்கனாமிஸ்ட் குழுமத்தின் பட்டியல் வந்தது. அதில் இடம்பெற்ற ஐந்து இந்திய நகரங்களுள் கடைசி இடம் பெங்களூருவுக்கு! ஓராண்டில் ஒரு நகரம் அப்படியா மாறிவிடும்? நகரம் மாறவில்லை, நூல் பிடித்த கைதான் மாறியது. சென்னைக்கு நான்காமிடம் கிடைத்ததற்கு இரண்டாண்டுகளுக்கு முன்புதான், 2019 கோடையில், நம் ஏரிகள் வறண்டு, சூலை 12-ஆம் நாள் சோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. குடத்தோடு நள்ளிரவில் லாரிக்குக் காத்து நின்ற அன்னையர் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

நடுவண் அரசின் இரண்டாம் வரிசையில் ஒரு நல்ல மாற்றம் இருந்தது. மக்களையே கேட்டார்கள், சுமார் 32 இலட்சம் பேரிடம் கருத்துப் பெற்று, அதற்கு 30 விழுக்காடு மதிப்பும் கொடுத்தார்கள். பாராட்டத் தக்கதே. ஆனால் நகரத்தில் இருப்பவரைத்தானே கேட்க முடியும்? அங்கிருந்து அகற்றப்பட்டவரை யார் கேட்பார்? இங்கே நாம் நம் பங்கின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நம் பங்கின் எல்லையில் ஓர் ஆறு ஓடுகிறது. ஆறு என்பதைவிடச் சாக்கடை என்பதே பொருந்தும். அதன் கரையில் இரண்டு அன்பியங்கள் இருந்தன. அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள். கட்டட வேலை செய்வோர், வீட்டு வேலை செய்வோர், மீன் விற்போர், பூ விற்போர். 2015 திசம்பர் வெள்ளத்தில் அவர்களைத்தான் கோவில் மண்டபத்தில் ஒன்பது நாள் தங்கவைத்தோம். ஆகவே, கரையில் குடியிருப்பது ஆபத்து என்று பின்னர் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அகற்றிய விதம் வேறு. கல்வியாண்டின் நடுவே, சில நாள்களுக்குள், ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்கு லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள். அது நம் பாதுகாவலர் திருவிழாவின் நவநாள் வாரம். தேர் அலங்காரத்துக்கு ஆள் பார்ப்பதும், மறையுரைக்கு வரும் குருக்களைக் கவனிப்பதுமாய் இருந்தோம். உணவுப் பொட்டலங்கள் அனுப்பினோம். திருமுழுக்குச் சான்று கேட்டு வந்தவர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். திருவிழா முடிந்து திரும்பிப் பார்த்தபோது கரை வெறிச்சோடிக் கிடந்தது. அவர்கள் இனி வேறு பங்கு என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். நிர்வாக முறைப்படி அது சரிதான்.

புதிய வீட்டில் அவர்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டு, சுவருண்டு, வெள்ள பயம் முன்போல் இல்லை. அதையும் மறைக்கலாகாது. ஆனால் வேலை இங்கே, வீடு அங்கே. விடியுமுன் எழுந்து இரண்டு பேருந்து மாறி வந்தவர்கள், சில திங்களில் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். புதுநன்மை வகுப்பில் படித்துக்கொண்டிருந்த பதினொரு பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நாம் தேடிப் போகவில்லை. ஒரே ஒரு முறை அடக்கச் செபத்துக்குப் போனோம்; மின்தூக்கி வேலை செய்யாமல், முதியவர் ஒருவரின் பெட்டியை ஏழு மாடி சாய்த்துச் சாய்த்து இறக்கியதைக் கண்டு திரும்பினோம்.

ஆற்றங்கரையில் இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். இருக்கைகள், மின்விளக்குகள், பூச்செடிகள். நகர வரிசை எதிலும் அதற்கு மதிப்பெண் கிடைக்கும். நீரிழிவுக்காக மருத்துவர் நம்மை நாள்தோறும் நடக்கச் சொல்லியிருக்கிறார். நாம் நடப்பதும் அங்கேதான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் நகர வாழ்வைப் பற்றிச் சில பத்திகள் உள்ளன. நெருக்கடி மிகுந்த ஏழைக் குடியிருப்புகளிலும் மக்கள் ஒருவரையொருவர் தாங்கி உறவு வளர்ப்பதை அவர் மதிப்போடு குறிப்பிடுகிறார். குடிபெயர்த்தே ஆக வேண்டுமானால், முன்கூட்டியே அறிவித்து, தகுந்த வீடுகளைத் தெரிவு செய்ய வாய்ப்பளித்து, அம்மக்களையும் அந்த ஏற்பாட்டில் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்றும் எழுதுகிறார். சுற்றுமடல் வெளிவந்த ஆண்டில் நாம் அதைப் பற்றிப் பங்கில் கருத்தரங்கு நடத்தினோம். அந்தப் பத்தியை அன்று வாசித்தோமா என்பது நினைவில்லை.

செக்கரியா இறைவாக்கினர் நூலில் ஒரு காட்சி வருகிறது. அளவுநூலைக் கையில் பிடித்த இளைஞன் ஒருவன் எருசலேமின் நீள அகலத்தை அளக்கப் புறப்படுகிறான். வானதூதர் ஒருவர் அவனிடம் ஓடிப்போய்ச் சேதி சொல்லுமாறு மற்றொருவரை ஏவுகிறார்: அந்த நகரத்தில் மனிதரும் கால்நடைகளும் நிறைந்து வழிவதால் அது மதில் இல்லாத ஊராய் இருக்கும் என்பது சேதி. அதே நூலில் சில அதிகாரங்கள் தள்ளி, மீட்கப்பட்ட அந்நகரம் எப்படியிருக்கும் என்று இறைவாக்கினரே சொல்கிறார். பொன்னும் மணியும் அங்கே பேசப்படவில்லை. முதிய ஆடவரும் பெண்டிரும் கையில் ஊன்றுகோலோடு தெருவில் அமர்ந்திருப்பார்களாம். சிறுவரும் சிறுமியரும் அந்தத் தெருக்களில் விளையாடுவார்களாம். அவ்வளவுதான். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது நாம் பெரிதாக எண்ணவில்லை. இப்போது வயது ஏற ஏறப் புரிகிறது. முதியவர் தெருவில் அமர வேண்டுமானால் அந்தத் தெருவில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்! வண்டி மோதக் கூடாது. பசி இருக்கக் கூடாது. போர் இருக்கக் கூடாது. உட்கார்ந்திருப்பவரை இன்னார் என்று அறிந்தவர் நாலு பேர் அவ்வழியே போக வேண்டும்.

இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சென்ற வாரம் அந்தத் தாயாரைப் பார்க்கப் போனோம். வீட்டையும் தெருவையும் விட்டு அவரைப் பிரிப்பது தகாது என்று மகனிடம் சொல்வதற்கான சொற்களையும் ஓரளவு தேடி வைத்திருந்தோம்.

வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். "தோத்திரம் சாமி" என்று எழ முயன்றவரை உட்காரச் சொன்னோம். எதற்கு வந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தேயிருந்தது. செய்தித்தாள் துண்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்லப் படித்தார்.

"நம்ம ஊர் எத்தனாவது, சாமி?"

இந்தத் துண்டில் இல்லை, வெகு கீழே இருக்கிறது என்றோம்.

"விழுந்து கிடந்தா எவ்வளவு நேரத்துல ஆள் வரும்னு இதுல போட்டிருக்காங்களா?"

நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததைச் சொன்னார். மகன் அலுவலகத்தில். கைப்பேசி கூடத்தில். மாலை ஐந்து மணிக்கு மாதா படத்துக்குப் பூ கொடுக்க வரும் பெண் வந்தாள். கூப்பிட்டாள், பதில் இல்லை. மற்றவராயிருந்தால் பூவைச் சன்னலில் செருகிவிட்டுப் போயிருப்பார்கள். அவள் போகவில்லை. தெருவில் இருந்தவர்களைக் கூட்டி வந்து தாழ்ப்பாளை உடைத்தாள். மருத்துவமனையில் மகன் வந்து சேரும்வரை கூடவே இருந்தாள். அன்றைய பூ முழுதும் கூடையிலேயே வாடிப்போயிற்று.

"அவ ஆத்தங்கரையில இருந்தவ, சாமி. எல்லாரோடயும் அவளையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. கொஞ்ச நாள் பஸ்ஸுல வந்தா. அப்புறம் வரல."

சற்று நேரம் தெருவைப் பார்த்திருந்தார். இரு புறமும் பழைய வீடுகள் போய் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. வாயிற்காவலர்கள் மாறிக்கொண்டேயிருக்கிறார்கள். பூ இப்போது கடையில் பொட்டலமாக வருகிறது.

"பையன் சொல்ற இல்லத்துக்குப் போக எனக்குப் பயம் இல்ல, சாமி. அவன் பயப்படுறான், நீங்க பயப்படுறீங்க. இங்க மட்டும் இப்ப யாரு இருக்கா?"

தேடி வைத்திருந்த சொற்கள் நமக்கு உதவவில்லை. நாம் காக்க வந்த தெரு அங்கே இல்லை; அது போனபோது நாம் தேர் அலங்காரத்தில் இருந்தோம்.

அவர் எழுந்து உள்ளே போய், மாதா படத்தின் பின்னாலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து வந்தார். பிள்ளைக் கையெழுத்தில் கட்டட எண்ணும் வீட்டு எண்ணும் எழுதியிருந்தன. பூக்காரப் பெண் கடைசியாக வந்தபோது தன் மகளைக்கொண்டு எழுதுவித்துக் கொடுத்தாளாம்.

"அவ எப்படி இருக்கான்னு போய்ப் பார்த்துட்டு வாங்க, சாமி. அதுக்கப்புறம் வீட்டை விக்கிறதப் பத்திப் பேசலாம். அந்த இல்லமும் அதே ரோட்டுலதான் இருக்குன்னு பையன் சொல்றான். கிட்டத்துலன்னா அவ வந்துட்டுப் போகலாம் இல்லையா?"

அதுவரை கதவோரம் நின்றிருந்த மகன் தாளை வாங்கிப் பார்த்தார். முதியோர் இல்லத்துக்குப் போகும் வழியில்தான், அதற்கு மூன்று கிலோமீட்டர் முன்னே, அந்தக் குடியிருப்பு இருக்கிறது என்றார். இடம் பார்க்கப் போனபோது இருமுறை அதைக் கடந்து போயிருக்கிறாராம். வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் காரில் போய் வரலாம் என்று முடிவாயிற்று. தாயாரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். புதுநன்மை வகுப்புப் பதிவேட்டில் அந்தப் பதினொரு பெயர்களையும் தேடி எழுதி வைக்கும்படி உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறோம்.